நாற்பத்தேழு, பதினாறு பேர், நான்கு பத்தொன்பது

ரோசோ துறைமுகக் காவல் சாவடி. பிப்ரவரி 12, புதன்கிழமை. மாலை 4.41க்கு எழுதத் தொடங்கியது.

என் பெயர் யூரலி சார்லெரி. வயது 61. கணவர் ஃபிடெலிஸ் சார்லெரி, வயது 66, ஓய்வுபெற்ற தபால்காரர். செயின்ட் லூசியா தீவில் காஸ்ட்ரீஸ் நகரத்துக்கு மேலே குன்றின் மீது, நீலக் கதவு வைத்த வீட்டில் வசித்து வருகிறோம். தொழில், சுற்றுலா வேன் ஓட்டுதல். இருபத்தெட்டு வருடமாக இதே தொழில். காஸ்ட்ரீஸ் துறைமுக ஓட்டுநர் சங்கத்தில் என் பேட்ஜ் எண் 47. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பயணியைக்கூட நான் கப்பலுக்குப் பிந்திக் கொண்டுவந்து விட்டதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது கேள்வியில் இல்லை என்று சார்ஜென்ட் லாரென்ட் சொன்னார். அதன் பிறகு எழுதினார்.

என்னை யாரும் அழைக்கவில்லை. நானாக வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஆல்வின் டுசான் என்பவர் இன்று எந்த வண்டியும் ஓட்டவில்லை. 112ஆம் எண் வேனை மலையிலிருந்து துறைமுகத்துக்கு ஓட்டி வந்தது நான். துறைமுகப் பதிவேட்டில் 47 என்று எழுதியதும் நான். இந்தத் தீவில் வாடகைப் பயணிகளை ஏற்றி ஓட்ட இந்தத் தீவின் அனுமதி வேண்டும். அது என்னிடம் இல்லை. இல்லை என்று தெரிந்தே ஓட்டினேன்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று சார்ஜென்ட் எச்சரித்தார். எங்கள் தீவில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பேட்ஜைப் புதுப்பிக்கும்போது காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். வேற்றுத் தீவில் ஒரு வழக்கு இருந்தாலும் அதில் ஏறும். ஏறினால் பேட்ஜ் கிடைக்காது. இது எனக்குத் தெரியும். நான் வந்த கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும் என்பதும் எனக்குத் தெரியும். சார்ஜென்ட் அதை இரண்டு முறை நினைவுபடுத்தினார். எங்கள் பெட்டிகளை எடுத்துவர என் கணவர் கப்பலுக்குள் போயிருக்கிறார். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து வருடம் ஆனதை முன்னிட்டு எங்கள் மகள் இந்தக் கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தாள். ஏழு நாள், ஆறு தீவுகள். கப்பலின் பெயர் லேடி அமராந்த். இருபத்தெட்டு வருடமாகக் கப்பல்களின் வாசலில் நின்றிருக்கிறேன், உள்ளே போனதில்லை. புறப்படும் முன் என் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். ஏழு நாளும் நான் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, எந்த ஓட்டுநருக்கும் யோசனை சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டு என் பேட்ஜை என் வேனின் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தேன். இப்போது என் எண்ணுக்கு அத்தாட்சியாகக் காட்ட அது கையில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சாட்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்டவுனில் கப்பல் ஏறினோம். திங்கட்கிழமை காலை கப்பல் எங்கள் சொந்த ஊரான காஸ்ட்ரீஸில் நின்றது. மற்றப் பயணிகளோடு நாங்களும் வரிசையில் இறங்கினோம். நான் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தேன். வாசலில் எங்கள் சங்கத்து ஓட்டுநர்கள் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

"மேடம், டாக்ஸி வேணுமா? தீவு முழுக்கச் சுத்திக் காட்டறேன். முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"முதல் தடவைப்பா. இங்க பாம்பு உண்டாமே?" என்றேன்.

"காட்டுல கம்மி மேடம். எங்க சங்கத்துல மூணு நாலு இருக்கு."

அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து "நாப்பத்தேழு! நாப்பத்தேழு!" என்று கத்தி என் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார்கள். இது இங்கே தேவையா என்று சார்ஜென்ட் கேட்டார். தேவை என்றேன். அந்தப் பதினோரு பேரில் யாருக்குத் தொலைபேசி செய்தாலும் 47 யார் என்று சொல்வார்கள். அன்று என் சொந்தத் துறைமுகத்தில் பயணிச் சீட்டோடு இறங்கி நடந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. அதை எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஃபோர் தெ ஃபிரான்ஸ். இன்று புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இங்கே ரோசோவில் கப்பல் நின்றது. பதினொரு மணிக்கு நாங்கள் ஹெஸ்கெத் பெல்லோ என்ற ஓட்டுநரின் வேனில் ஏறினோம். அவர் எண் 112. வேனில் நாங்கள் இருவரும் மற்றப் பயணிகள் பதினாறு பேரும் ஆகப் பதினெட்டுப் பேர் இருந்தோம். நான் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். என் கணவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தால் கிள்ளுவதற்கு வசதியாக அந்த இடத்தைக் கேட்டு வாங்கினார்.

பெல்லோ நல்ல ஓட்டுநர். இதைத் தனியாக எழுதச் சொல்கிறேன். ஏற்றத்தில் கியரை இழுத்தடிக்கவில்லை, வளைவில் பேச்சை நிறுத்தினார், பேச்சுக்காக வளைவை மறக்கவில்லை. முதலில் நீர்வீழ்ச்சி, ஒரு மணிக்குச் சாப்பாடு, அதன் பிறகு வெந்நீர்க் குளம், மூன்றே முக்காலுக்குத் துறைமுகம் என்பது அவர் திட்டம். கப்பலுக்குள் எல்லோரும் நான்கரைக்குள் ஏறிவிட வேண்டும்.

நீர்வீழ்ச்சியில் நடந்தது என் முதல் தவறு. பன்னிரண்டரைக்குப் பெல்லோ எல்லோரையும் வேனுக்கு அழைத்தார். என் கணவர் நீர்வீழ்ச்சியின் முன்னால் நிற்கும் படம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்தார்கள். நான் பெல்லோவிடம் "அண்ணே, இன்னும் பத்தே நிமிஷம்" என்றேன். இருபத்தெட்டு வருடமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு வெறுத்தவள் நான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துச் சரி என்றார். ஓட்டுநர்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பத்து நிமிடம் கிடைத்ததைப் பார்த்து மற்றவர்களும் பத்துப் பத்து நிமிடம் கேட்டார்கள். அது ஐம்பது நிமிடம் ஆயிற்று. சாப்பாட்டுக்கு நிறுத்தாமல் நேராக வெந்நீர்க் குளத்துக்குப் போனோம். பெல்லோ தன் மதியச் சாப்பாட்டை வேனின் முன்பலகையில் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். சீமைப்பலாவும் உப்பு மீனும். அந்த டப்பா கடைசி வரை திறக்கப்படவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்ததும் எனக்கு அப்போது தெரியாது. அவர் நோயை மறைத்தாரா என்று சார்ஜென்ட் கேட்டார். ஊசியும் சாப்பாடும் சரியாக வைத்துக்கொள்ளும் மனிதர் அவர். சாப்பாட்டு நேரத்தைத் தின்றவர்கள் நாங்கள். அதைத் தொடங்கிவைத்தது நான்.

மூன்று ஐந்துக்கு வெந்நீர்க் குளத்திலிருந்து இறங்கத் தொடங்கினோம். மற்ற வேன்களெல்லாம் முன்பே போய்விட்டன. காலையில் ஏறும்போது பெல்லோ ஒரு வேடிக்கை சொல்லியிருந்தார். "இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, மாமியார் வீடு ரெண்டுக்கும் மேல. அதனாலதான் எனக்கும் என் பொண்டாட்டிக்கும் இன்னும் சண்டையே இல்ல." இறங்கும்போது அதையே மறுபடி சொன்னார். ஒரே வேடிக்கையை நாங்கள் தினமும் சொல்வோம். ஒரே வேனுக்கு இரண்டு முறை சொல்ல மாட்டோம். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். நெற்றி வியர்த்திருந்தது. மழைத்தூறல் கண்ணாடியில் விழுந்தும் துடைப்பானைப் போடவில்லை.

என் கணவர் பின்னாலிருந்து கிள்ளினார். "ஏழு நாள் வாயே திறக்க மாட்டேன்னு சொன்ன."

"வாயத் திறக்கல. கண்ணத்தான் திறந்து வெச்சிருக்கேன். அவர் கையப் பாரு" என்றேன்.

கை நடுங்கியதை என் கணவரும் பார்த்தார். அவருக்கும் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. அடுத்த வளைவில் பெல்லோ ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. நான் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பி, வலது கையால் கை பிரேக்கை மேலே இழுத்தேன். வேனின் இடது முன்சக்கரம் கால்வாய் விளிம்பில் ஏறி நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு. பள்ளத்தின் ஆழத்தைச் சார்ஜென்ட் கேட்டார். நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு என் கணவர் முன்னால் வந்து, தன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கொய்யாப்பழ மிட்டாயைப் பெல்லோவின் வாயில் வைத்தார். நானும் இரண்டு பயணிகளுமாக அவரைத் தூக்கி என் இருக்கைக்கு மாற்றினோம். தொலைபேசியில் யாருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் மேலேயிருந்து கல் விழும் என்பது சாலையில் கிடந்த கற்களைப் பார்த்தாலே தெரிந்தது. மணி மூன்று இருபது. அங்கேயே நிற்க முடியாது என்று முடிவு செய்தேன். அது என் முடிவு. என் கணவரோ பயணிகளோ என்னை ஓட்டச் சொல்லவில்லை.

பெல்லோ கண்ணைத் திறந்தபோது சாவியைக் கேட்டேன்.

"அண்ணே, நானும் டிரைவர்தான். ஓட்டட்டுமா?"

"எந்த ஊரு?"

"காஸ்ட்ரீஸ்."

"அப்ப வேணாம்மா. நடந்தே போயிடலாம்" என்றார். அதைச் சொன்னதும் அவர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்தது. சாவியைக் காட்டித் தலையசைத்தார். எனவே வண்டியின் உரிமையாளர் அனுமதியோடுதான் வண்டியை எடுத்தேன்.

பின்னால் ஒரு பயணி அம்மாள், எனக்கு இந்தப் பாதை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றும், ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாப் பாதையும் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னேன். எல்லோரையும் உட்கார்ந்து முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வண்டியை அரை அடி பின்னால் எடுத்துச் சக்கரத்தை இறக்கினேன். அதன் பிறகு கீழே சமதளம் வரும் வரை இரண்டாம் கியரிலேயே வந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன் அடித்தேன். வேன் எங்கும் உரசவில்லை. சந்தேகம் இருந்தால் வெளியே நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தை அடைந்தோம். பெல்லோவைச் செவிலியரிடம் ஒப்படைத்தோம். அவர் என்ன சாப்பிட்டார், எப்போது ஊசி போட்டார் என்று செவிலியர் கேட்டதற்கு, வழியில் பெல்லோவிடம் கேட்டு வைத்திருந்த என் கணவரே விவரம் சொன்னார். ஆள் தெளியும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். பெல்லோவுக்கு அவரைத் தெரிந்து ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் வேனுக்குத் திரும்பித் தலைகளை எண்ணினேன். பதினாறு. இரண்டாம் முறை எண்ணினேன். பதினாறு. புறப்பட்டேன்.

இந்த வரியை எழுதும்போது கப்பல் சங்கு ஊதியது. சார்ஜென்ட் பேனாவை வைத்துவிட்டு, இப்போது ஓடினாலும் ஏறிவிடலாம், வேண்டுமா என்று கேட்டார். எதுவரை எழுதியிருக்கிறார் என்று நான் கேட்டேன். பதினாறு வரை என்றார். அதற்கு மேல் எழுதச் சொன்னேன்.

நகரத்துக்குள் வரும்போது மழை பலத்துப் பெய்தது. துறைமுக வாசலில் காவலர் குடைக்குள் நின்றபடி பதிவேட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். அவர் பார்வை வாசல் கடிகாரத்தில் இருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் மீது தவறு இல்லை, எங்கள் ஊரிலும் இப்படித்தான் நீட்டுவார்கள். பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: எண், ஆட்கள், நேரம். நான் 47 என்றும், 16 என்றும், 4.19 என்றும் எழுதினேன். இது என் இரண்டாவது தவறு. பொய் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. யோசித்து எழுதியிருந்தால் 112 என்று எழுதியிருப்பேன். யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக எந்தத் துறைமுக வாசலிலும் பதிவேடு ஜன்னலுக்குள் வந்தால் என் கை அந்த எண்ணைத்தான் எழுதும். இன்றும் எழுதியது. எழுதிய பிறகும் தவறு என்று தோன்றவில்லை. சரியான நேரத்துக்குள் வந்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

பயணிகள் பதினாறு பேரும் இறங்கினார்கள். வேனுக்கு வெளியே மழையில் நின்று கைதட்டினார்கள். நான் உள்ளே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

நான்கு இருபத்தாறுக்குச் சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ் பெல்லோவைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் என் கணவரை வாசலில் இறக்கிவிட்டது. பெல்லோ உள்ளே படுத்தபடியே தலையைத் தூக்கி, "என் கிளட்ச்ச எரிச்சியாம்மா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறந்து பாதி காலியாக இருந்தது. வேன் சாவியை அவரிடம் கொடுக்க மறந்துவிட்டேன். அது இப்போது சார்ஜென்ட் மேசையில் இருக்கிறது.

அதன் பிறகு நானும் என் கணவரும் கப்பலை நோக்கி நடந்தோம். ஏணிப்படியின் அடியில் நின்று பயணி அட்டையைக் கையில் எடுத்தேன். அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் "நாப்பத்தேழு!" என்று கத்தியது. அந்த எண்ணை யார் கத்தினாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். திரும்பினேன். கத்தியவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் இந்தத் துறைமுகத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வெர்னா ரோயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாசலுக்குப் பக்கத்து ஜூஸ் கடையில் நின்றிருந்த ஒருவரை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தார். கூட இரண்டு காவலர்கள் இருந்தார்கள். அந்த மனிதர் ஆல்வின் டுசான். கடை அவர் அக்கா கிளாரிஸுடையது.

நான் நின்ற இடத்திலிருந்து பேச்சு முழுவதும் கேட்டது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு?" என்றார் வெர்னா.

"நான் ஓட்டலக்கா. இங்கேயேதான் நிக்கிறேன்."

"ஹெஸ்கெத் வண்டி உள்ள நிக்குது, ஹெஸ்கெத்தக் காணோம். நோட்டுல நாப்பத்தேழுன்னு இருக்கு. அது யாரு, உங்க தாத்தாவா?"

"எனக்கென்ன தெரியும்?"

"சட்ட ஏன் நனஞ்சிருக்கு?"

"மழக்கா! மழ பெஞ்சா நனையாம காயுமா?"

அப்போது கிளாரிஸ், "ரெண்டு மணியிலேர்ந்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டிருக்கான். வேணும்னா அவன் கைய மோந்து பாருங்க" என்றார். ஒரு காவலர் உண்மையாகவே மோந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை வருகிறது என்று சொன்னார். ஆனாலும் அக்காவின் சாட்சி போதாது, சாவடிக்கு வந்து சொல்ல வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நான் பக்கத்தில் நின்ற ஓர் ஓட்டுநரிடம் விசாரித்தேன். இந்தத் துறைமுகத்தில் 47 என்பது ஆல்வின் டுசானின் பேட்ஜ் எண் என்றும், வேகமாக ஓட்டினார் என்ற புகாரில் மூன்று மாதமாக அவர் பேட்ஜ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றும், நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை விசாரணை என்றும், அதுவரை ஒரே ஒரு முறை ஓட்டியது தெரிந்தாலும் பேட்ஜ் நிரந்தரமாகப் போய்விடும் என்றும் அவர் சொன்னார். ஹெஸ்கெத் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது என் கணவர் ஏணிப்படியின் முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தார்.

"அது யார் நம்பர், டூடூ?" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"என் நம்பர்."

அவர் கப்பலைப் பார்த்தார். அதன் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப பெட்டி ரெண்டையும் எடுக்கணும்" என்றார்.

நாளை கப்பல் பாஸ்டெர் போகிறது. அங்கே கரும்பு ஏற்றிய பழைய ரயிலில் இப்போது ஆட்களை ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். என் கணவர் அந்த ரயிலின் படத்தைத் தபால் அட்டை ஒன்றிலிருந்து வெட்டி இருபது வருடமாகச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். இந்தப் பயணத்துக்கு அவர் சம்மதித்ததே அதற்காகத்தான்.

"நீ போ ஃபிடெலிஸ். நீயாவது அந்த ரயிலப் பாத்துட்டு வா. நான் ஞாயித்துக்கிழம வீட்டுல இருப்பேன்" என்றேன்.

"தனியா ரயில்ல போயி யாரோட சண்ட போடறது?" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். ஏணிப்படியில் நின்ற கப்பல் அதிகாரி அவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார். நான் நேராக இந்தச் சாவடிக்கு வந்தேன். சார்ஜென்ட் லாரென்டிடம், "பெஞ்சுல உக்காந்திருக்கறவர் ஓட்டல சார். நாப்பத்தேழு நான்தான்" என்றேன். இந்த ஊரில் எத்தனை நாற்பத்தேழு என்று அவர் கேட்டார்.

ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போக முடியுமா என்று முதலில் கேட்டது உண்மை. சீட்டு விசாரணையில் நிற்காது, ஆளே எதிரில் உட்கார்ந்து சொன்ன வாக்குமூலம்தான் நிற்கும் என்று சார்ஜென்ட் சொன்னார். அதன் பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் என் கணவர் இரண்டு பெட்டிகளுடன் உள்ளே வந்தார். வெள்ளைத் தொப்பியைத் தன் தலையில் போட்டிருந்தார், கையில் இடமில்லை என்பதால். வெள்ளிக்கிழமை விருந்துக்கு நான் வைத்திருந்த மஞ்சள் உடையை மடிக்க நேரமில்லாமல் தோளில் போட்டு வந்திருந்தார். அவர் கப்பலை விட்டு இறங்கியதும் ஏணிப்படியை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். மணி ஐந்து ஏழு. சாவடி ஜன்னல் வழியாகக் கப்பல் திரும்புவது தெரிந்தது. மேல்தளத்தில் சிலர் கையசைத்தார்கள். மழைக்கோட்டுகளை வைத்து அவர்கள் என் வேனில் வந்தவர்கள் என்று தெரிந்துகொண்டேன். எண்ணிப் பார்த்தேன். பதினாறு பேரும் இருந்தார்கள்.

சார்ஜென்டின் கேள்விகளுக்கு என் பதில்கள். பயணிகளிடம் நான் கூலி எதுவும் வாங்கவில்லை. ஆல்வின் டுசானை இதற்கு முன் பார்த்ததில்லை, அவருக்காகப் பேசும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்து நிமிடம் கேட்டது தவறு. வேறொருவர் எண் என்று தெரியாமல் என் எண்ணை எழுதியது தவறு. அந்த இரண்டுக்கும் வருந்துகிறேன், ஆல்வினிடமும் ஹெஸ்கெத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வேனை ஓட்டியது உங்கள் சட்டப்படி குற்றம். அதற்கு வருந்துவதாக எழுத வேண்டாம். நாளைக்கு அதே வளைவில் அதே வேன் நின்றாலும் ஓட்டுவேன். ஜூன் மாதம் என் பேட்ஜ் கிடைக்கவில்லை என்றால், கடைசியாக நான் பதிவேட்டில் எழுதிய வரி நேரத்துக்குள் கொண்டுவந்த பதினாறு பேரைப் பற்றியதாக இருக்கும். அது போதும்.

சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் மருத்துவமனையில் ஹெஸ்கெத் பெல்லோவிடமும் சார்ஜென்ட் தொலைபேசியில் பேசினார். வெர்னா ரோயர் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சார்ஜென்ட் ஒரு காகிதத்தில் 47 என்று என்னை எழுதச் சொல்லிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். என் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. ஆல்வினின் ஏழுக்கு இல்லை. வெர்னா இரண்டையும் பார்த்தார். வெளியே போய்ப் பெஞ்சில் ஆல்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கைய மறுபடி காட்டு, மோந்து பாக்கறேன்" என்றார். ஆல்வின் காட்டவில்லை. ஐந்து முப்பத்தெட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகலாம் என்று சார்ஜென்ட் சொன்னார். ஆல்வின் போகவில்லை. நான் முடிக்கும் வரை இருப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் ஆஜராகி இதையே நேரில் சொல்லச் சம்மதிக்கிறேன். அதுவரை நான் இருக்கும் முகவரியைக் கேட்டார்கள். கிளாரிஸ் டுசானின் வீடு, சந்தைக்குப் பின்புறம், இரண்டாவது தெரு. அவரே வந்து அழைத்தார். வீடு மலைப்பக்கமாக முக்கால் மைல். எப்படிப் போவீர்கள் என்று சார்ஜென்ட் கேட்டார். வாசலில் ஹெஸ்கெத்தின் வேன் நிற்கிறது. "ஹெஸ்கெத் படுத்திருக்கான், நான் ஓட்டக் கூடாது, இந்தக் காஸ்ட்ரீஸ் அக்காவும் ஓட்டக் கூடாது. மூணு டிரைவர், ஒரு வண்டி. நடக்க வேண்டியதுதான்" என்றார் ஆல்வின். பெட்டிகளில் ஒன்றை அவர் தூக்கிக்கொண்டார். இன்னொன்றை என் கணவர் யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டார்.

இதில் உள்ளவை நான் சொன்னவை, நான் செய்தவை. சார்ஜென்ட் வாசித்தார், முழுவதும் கேட்டேன், எதையும் மாற்றச் சொல்லவில்லை. பயந்தோ யாருக்கும் கடன்பட்டோ சொன்னதல்ல. கையெழுத்துக்குக் கீழே பழக்கத்தில் என் எண்ணையும் எழுதினேன். சார்ஜென்ட் பார்த்துவிட்டு, இந்த முறை ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

யூரலி சார்லெரி
47, காஸ்ட்ரீஸ்